ஊருக்குள் ஓடும் வண்டிக்கு எந்த ஜிபிஎஸ் வாங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

கூரியர், சர்வீஸ், லோடு வண்டி என்று நாள் முழுக்க நகரத்துக்குள் ஓட்டுகிறவர்கள், கழற்றி மாட்டும் வழிகாட்டிக் கருவியைப் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதிலேயே மேப் வருகிறது. தினமும் இருபது வீடுகளுக்குப் பார்சல் கொடுக்கிறேன். தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி தேவையா?

இருபது இடம் என்றால் தேவைதான். ஆனால் போனை ஒதுக்கிவிட முடியாது. நேற்று மாறிய ஒருவழிப்பாதை, புதிதாகத் திறந்த கடை, இந்த நிமிடத்து நெரிசல் ஆகிய விஷயங்களில் போனை ஜெயிக்கும் தனிக் கருவி கிடையாது. போனுக்குத் தகவல் நெட் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. தனிக் கருவி பெரும்பாலும் தனக்குள் சேமித்த மேப்பை நம்பி ஓடுகிறது.

போன் சறுக்குவது வேறு இடத்தில். ஒவ்வொரு வீட்டிலும் பார்கோடு ஸ்கேன் செய்ய, கையெழுத்து வாங்க, போட்டோ எடுக்க அதை ஹோல்டரிலிருந்து கழற்றுகிறீர்கள். திரும்ப வந்து மாட்டி, மேப்பைத் திறந்து, அடுத்த முகவரியைத் தேட வேண்டும். திருப்பத்துக்கு முந்தின நொடியில் வாடிக்கையாளரின் அழைப்பு வந்து மேப்பை மறைக்கும். வெயில் இன்னொரு பிரச்சினை. ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். முன் கண்ணாடி ஓரத்தில் வெயில் விழுந்தால் இந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். சூடு ஏறினால் போன் தன் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் வேலை செய்யவே மறுக்கும்.

அதனால் எங்கள் யோசனை: வழி காட்டத் தனிக் கருவி, மற்ற எல்லாவற்றுக்கும் போன். ஒரு நாளைக்கு நான்கைந்து இடம்தான், அதுவும் தெரிந்த பகுதிதான் என்றால் தனிக் கருவி வேண்டாம். உறுதியான ஹோல்டரும் 2 ஆம்பியர் சார்ஜரும் போதும்.

கேள்வி: உயரமான கட்டிடங்கள் இருக்கும் பகுதிக்குள் நுழைந்ததும் திரையில் வண்டி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. உடனே யூ-டர்ன் போடச் சொல்கிறது. அதிக சாட்டிலைட் பிடிக்கும் கருவி வாங்கினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் கருவியை இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இருப்பிடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். இருப்பிடத்துக்கு மூன்று அளவு. கருவியில் இருக்கும் சாதாரணக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது. திறந்த வெளியில் இது சில மீட்டர் துல்லியத்தில் வேலை செய்யும். இரண்டு பக்கமும் உயரமான கட்டிடம் என்றால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்தக் கீற்றில் இருக்கும் சாட்டிலைட்டுகள் எல்லாம் தெருவின் நீளவாக்கிலேயே வரிசையாக நிற்கும். அதனால் தெருவின் நீளவாக்கில் கணக்கு ஓரளவு சரியாகவும் குறுக்குவாக்கில் தப்பாகவும் வருகிறது. பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது இதனால்தான்.

பல நாடுகளின் சாட்டிலைட்டுகளையும் பிடிக்கும் கருவி இங்கே உதவும். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டால், அதே கீற்றில் இன்னும் சில கிடைக்கும்.

அடுத்த சிக்கல், கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல். அது சுற்றி வருவதால் தாமதமாக வருகிறது. கருவி அதை நேராக வந்ததாக எடுத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டிப் போடுகிறது. பழைய கருவிகள் பயன்படுத்துவது 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சிக்னலை மட்டும். அதில், தூரத்தை அளக்க சாட்டிலைட் அனுப்பும் குறியீட்டின் ஒரு துண்டு சுமார் 300 மீட்டர் நீளம் இருக்கும். அதனால் நேராக வந்ததும் தெறித்து வந்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சிக்னலில் அந்தத் துண்டு சுமார் 30 மீட்டர்தான். அங்கே இரண்டையும் பிரித்து, தெறித்து வந்ததை ஒதுக்குவது சுலபம். ஆகவே அட்டைப் பெட்டியில் 'அதிக சாட்டிலைட்' என்ற வாசகத்தை விட 'இரட்டை அலைவரிசை' அல்லது 'எல்1 + எல்5' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய நல்ல போன்கள் பலவற்றில் இது இருக்கிறது. தனிக் கருவிகளில் எல்லாவற்றிலும் இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சுரங்கப்பாதையிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் எத்தனை சாட்டிலைட் இருந்தும் பயனில்லை. அங்கே கை கொடுப்பது கருவிக்குள் இருக்கும் இயக்க உணரிகள்: வண்டி எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேகம் எடுத்தது என்று அளந்து, சிக்னல் இல்லாத இடத்திலும் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டே போகும். நேரம் ஆக ஆக இந்த அளவீட்டில் பிழை சேரும் என்பதால் நீளமான சுரங்கத்தில் இதை முழுக்க நம்ப முடியாது. சின்னப் பாலங்களுக்கும் குறுகிய சுரங்கங்களுக்கும் போதும்.

இனி, புதுக் கருவி வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியைச் சோதிக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன் கண்ணாடி சிக்னலையும் தடுக்கும். கருவியில் சாட்டிலைட் சிக்னலின் பலத்தைக் காட்டும் பட்டைகள் தெரியும் பக்கத்தைத் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தடவையும், கதவைத் திறந்து வெளியே நீட்டி ஒரு தடவையும் பாருங்கள். பட்டைகள் வெளியே மட்டும் நன்றாக எழுந்தால் குற்றவாளி கண்ணாடிதான். இப்படிப்பட்ட கண்ணாடிகள் பலவற்றில், உள்பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டிப் பூச்சு இல்லாத ஒரு பகுதியை விட்டிருப்பார்கள். பார்வையை மறைக்காதென்றால் கருவியை அதற்குக் கிட்டே மாட்டலாம்.

அடுத்து, மலிவான சார்ஜரும் டேஷ்கேமும். இவற்றிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் பலவீனமான சாட்டிலைட் சிக்னலை மூழ்கடித்துவிடும். அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் கேமராவின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓடவிடுங்கள். எதைப் பிடுங்கியபோது பட்டைகள் உயர்கின்றனவோ அதை மாற்றுங்கள், அல்லது கருவியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டில் போகிறீர்களா என்பதைக் கருவி தவறாகச் சொல்லலாம். உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ்ஸின் பிழை, பக்கவாட்டுப் பிழையை விட அதிகம். அந்த இடத்தில் பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேள்வி: அடித்தள பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்ததும் கருவி இரண்டு மூன்று நிமிடம் திணறுகிறது, எதிர்த்திசையைக் காட்டுகிறது. பழுதா?

பழுது இல்லை. ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அதை அறுபடாமல் வாங்கினால்தான் கருவி அந்தச் சாட்டிலைட்டைக் கணக்கில் சேர்க்க முடியும். வண்டி கட்டிடங்களுக்கு இடையில் ஓடும்போது சிக்னல் இடையிடையே அறுபடுகிறது. கருவி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது. அந்த விவரம் சுமார் 4 மணி நேரம் செல்லும் என்பதால் காலை முதல் டிரிப்பில்தான் இந்தத் திணறல் அதிகம் தெரியும். வெளியே வந்து திறந்த வானம் கிடைக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று கிளம்புங்கள். சில கருவிகள் சாட்டிலைட் பாதையைச் சில நாட்களுக்கு முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்ளும். அந்த வசதி இருந்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

எதிர்த்திசைக்குக் காரணம் வேறு. நின்ற இடத்தில் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நகர்ந்தால்தான் தெரியும். சில மீட்டர் ஓட்டிய பிறகு சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: பதினைந்து முகவரிகளைக் கொடுத்தால் எந்த வரிசையில் போகலாம் என்று கருவியே போட்டுத் தரும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், அளவோடு. பத்து இடங்களையே 36,28,800 விதமான வரிசைகளில் போய் வரலாம். பதினைந்துக்கு அந்த எண் மலைக்க வைக்கும். கருவி அத்தனையையும் சோதிப்பதில்லை. ஒரு நல்ல வரிசையை எடுத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறது. அதனால் கிடைப்பது ஓரளவு சிக்கனமான வரிசை. அதைவிடச் சிறந்தது இருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது.

கடையில் கேட்க வேண்டியவை வேறு. ஒரே பாதையில் எத்தனை நிறுத்தம் போடலாம்? சில கருவிகளில் வரம்பு சிறியது, அது பெட்டியில் எழுதியிருக்காது. கருவியிலேயே முகவரிகளை ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. கணினியில் தயாரித்த பட்டியலை அப்படியே உள்ளே அனுப்ப முடியுமா? வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நடுவில் ஒன்றை நுழைக்க எத்தனை முறை தட்ட வேண்டும்? மூன்றுக்கு மேல் என்றால் சாலையில் அது உபயோகப்படாது.

எல்லாவற்றையும் விட, ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிடும் பொத்தான் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். வாசலில் இடமில்லாமல் 80 மீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, நடந்து போய்ப் பார்சலைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அந்த இடத்தை வண்டி தொடவே இல்லை என்று கருவி நினைக்கும். அடுத்த வீட்டுக்குக் கிளம்பினால், விட்டுப்போன இடத்துக்குத் திரும்பு என்று நச்சரிக்கும். நாளுக்கு இருபது நிறுத்தத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் நின்றபடியே மூன்று நிறுத்தம் போட்டு, முதலாவதைத் தாண்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். பதினைந்தையும் மொத்தமாகக் கொடுக்காமல், பகுதி வாரியாக ஏழு எட்டாக நீங்களே பிரியுங்கள். குறிப்பிட்ட மணிக்குள் கொடுக்க வேண்டியவற்றைத் தனியே எடுத்து முதலில் போடுங்கள். நேரக் கெடுவைக் கணக்கில் எடுக்காத கருவிகள் நிறைய. நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலை என்றால், போகும் பக்கத்து வீடுகளை ஒரு சுற்றாகவும் திரும்பும் பக்கத்து வீடுகளை இன்னொன்றாகவும் வைத்துக்கொண்டால் யூ-டர்ன் பாதி குறையும்.

கேள்வி: வாடிக்கையாளர் அனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் போட்டேன். இருபது கிலோமீட்டர் தள்ளி எங்கோ கொண்டுபோய் விட்டது. ஏன்?

எழுதும் முறை மாறிப்போயிருக்கிறது. 12.50833 என்று டிகிரியை மட்டும் தசமத்தில் எழுதலாம்; 12°30.500′ என்று டிகிரி, தசம நிமிடமாக எழுதலாம். 12°30′30″ என்று நொடி வரைக்கும் எழுதலாம். மூன்றும் ஒரே இடம்தான். இரண்டாவதைப் பார்த்து 12.305 என்று தட்டிவிட்டால் 0.203 டிகிரி குறையும். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், வண்டி 22 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

எந்த முறையில் எண் வருகிறதோ அந்த முறைக்குக் கருவியின் செட்டிங்கை மாற்றிவிட்டுத் தட்டுங்கள். டிகிரியில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை குறிக்கும். நான்கு என்றால் சுமார் 11 மீட்டர். மூன்றே இலக்கம் அனுப்பினால் அது 100 மீட்டர் சுற்றளவில் ஏதோ ஒரு வாசல், திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: 5 அங்குலத் திரை போதுமா, 7 அங்குலம் வேண்டுமா?

கார், சின்ன வேனுக்கு 5 அல்லது 6. 5 அங்குல அகலத்திரை சுமார் 11 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். 7 அங்குலம் 15.5க்கு 8.7 செ.மீ.; பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரின் முன் கண்ணாடியில் அந்த 7 அங்குலம் ஓரத்தில் நடப்பவரை மறைத்துவிடும். நகரத்தில் அதுதான் ஆபத்து. ஓட்டுநர் இருக்கைக்கும் கண்ணாடிக்கும் தூரம் அதிகமுள்ள பெரிய வண்டிக்கு 7 பொருத்தம்.

அளவை விட வெளிச்சத்தையும் பளபளப்பையும் கவனியுங்கள். வெயிலில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். போலராய்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர் அதை அணிந்துகொண்டே பாருங்கள். சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே கறுப்பாகிவிடும். கையுறை போட்டு வேலை செய்கிறவர் அதோடேயே தட்டிப் பாருங்கள். அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரை கையுறைக்கு மசியும். போன் மாதிரித் திரை பெரும்பாலும் மசியாது.

கேள்வி: கருவியைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் சக்ஷன் கப் பாதி வழியில் கழன்று விழுகிறது. பிசின் போட்டு ஒட்டலாமா?

கண்ணாடியில் பிசின் வேண்டாம். கண்ணாடியின் அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். பாலிஷ் போட்ட கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் எந்தக் கப்பும் நிற்காது. கப்பை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஓரம் மிருதுவாகும் வரை அதிலேயே வைத்திருந்து, ஈரம் போகத் துடைத்து அழுத்துங்கள். ஓரம் விறைத்து வெடித்திருந்தால் கப் ஆயுள் முடிந்தது. டேஷ்போர்டில் வைக்க ஒட்டும் தட்டு கிடைக்கிறது. அதை ஒட்டி 24 மணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பிறகு கருவியை ஏற்றுங்கள். ஏர்பேக் மூடியின் மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: சார்ஜரில் போட்டே ஓட்டுகிறேன், மாலைக்குள் பேட்டரி தீர்ந்து அணைந்துவிடுகிறது.

உள்ளே போவதை விட வெளியே போவது அதிகம். வண்டி ஸ்டீரியோவில் இருக்கும் சாதாரண யூஎஸ்பி துளை பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான் தரும். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். முழு வெளிச்சத்தில் ஓடும் பெரிய திரைக்கு அது போதாது. கருவியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். லாரி, பஸ்ஸில் 24 வோல்ட் வரும். சார்ஜர் மேல் '12–24 வோல்ட்' என்று இருந்தால் மட்டும் செருகுங்கள்.

சில கருவிகளில் சாதாரண டேட்டா கேபிளைப் போட்டால் கணினியோடு இணைந்ததாக எண்ணி மேப்பை மூடிவிடும். அதற்கும் சொந்தக் கேபிள்தான் மருந்து.

ஓடும்போது விட்டு விட்டு 'அணையப் போகிறேன்' என்று வந்தால் சாக்கெட்டைப் பாருங்கள். பிளக்கின் நுனியில் இருக்கும் ஸ்ப்ரிங் முனை கறுத்து அழுக்கேறியிருக்கும், அல்லது பக்கத்து இறக்கைகள் தளர்ந்திருக்கும். சுத்தமாகச் செத்துவிட்டால் நுனி மூடியைத் திருகிக் கழற்றுங்கள். பல சார்ஜர்களில் உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கிறது. அதே அளவு ஃபியூஸையே போடுங்கள், கம்பி சுற்ற வேண்டாம்.

கேள்வி: பழைய கருவி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் தேதி. திறந்த வெளியில் சாட்டிலைட் பிடித்த பிறகு கருவி காட்டும் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட் தேதியை வார எண்ணாக அனுப்புகிறது; அந்த எண் 1024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத கருவி சுமார் பத்தொன்பதரை ஆண்டு பின்னால் நிற்கலாம். இருப்பிடத்தைச் சரியாகக் காட்டினாலும் நேரத்தைப் பொறுத்த கணக்குகள் கெடும். மென்பொருளைப் புதுப்பித்தும் தேதி மாறவில்லை என்றால் வேண்டாம்.

அடுத்து மேப். 'வாழ்நாள் மேப்' என்றால் உங்கள் வாழ்நாள் அல்ல. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் மேப் தரும் காலம் மட்டும். அது முடிந்துவிட்டதா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமே விசாரியுங்கள். மேப் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது. உள் நினைவகம் சிறியதென்றால் மெமரி கார்டு துளை இருக்க வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் திரையின் ஓரம் தூக்கி, கேஸில் இடைவெளி தெரியும். அதை வாங்காதீர்கள். கடைசியாக, சார்ஜர் கேபிள் கூட வருகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் டிராஃபிக் தகவல் வாங்கும் ரிசீவரே அந்தக் கேபிளுக்குள்தான் இருக்கிறது. வேறு கேபிள் போட்டால் சார்ஜ் ஏறும், டிராஃபிக் வராது.

கேள்வி: உயரமான கூண்டு கட்டிய லோடு வண்டி. கார் ஜிபிஎஸ் போதாதா?

போதாது. தாழ்ந்த பாலம், எடைத் தடை, லாரி நுழையக் கூடாத தெரு இவையெல்லாம் கார் கருவியின் கணக்கில் வருவதில்லை. உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் பதிவு செய்யும் லாரி மாடலை எடுங்கள். உயரத்தைக் கூண்டின் உச்சியிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து போடுங்கள். மேலே கட்டும் தார்ப்பாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை மாற்றி எடுக்கும் நாளில் அந்த எண்களையும் மாற்ற வேண்டும். மேப்பில் ஏறாத பாலங்களும் உண்டு என்பதால் பாலத்தின் நெற்றியில் எழுதியிருக்கும் அளவு கருவி சொல்வதோடு மோதினால் பாலத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.